ஹூ, விச், தட் இடறும் இடங்கள்: ஆங்கிலத் துணை வாக்கியப் பிழைகளை அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

தமிழில் "நேற்று வந்த பையன்" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் அதே பையனைச் சொல்லப் பெயரை முன்னால் வைத்து, அதன் பின் ஓர் இணைப்புச் சொல்லை வைத்து, அதற்கும் பின் ஒரு முழு வினையை வைக்க வேண்டும்: "தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே". தனித்தனி வாக்கியங்களைப் பிழையில்லாமல் எழுதுகிறவர்கள்கூட இந்த இணைப்பில் தடுமாறுகிறார்கள். விண்ணப்பக் கடிதம், அலுவலக மின்னஞ்சல், தேர்வு விடைத்தாள் எல்லாவற்றிலும் இதே இடத்தில்தான் சிவப்பு மை அதிகம் விழுகிறது.

இதை அறிவுக் குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம். நம் பெயரெச்சம் அவ்வளவு திறமையானது. அதன் திறமையே ஆங்கிலத்தில் நமக்கு இடையூறாகிறது. நன்னூல் பெயரெச்சத்தைப் பற்றிச் சொல்லும்போது, செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறு வகைப் பெயர்களையும் அது கொண்டு முடியும் என்கிறது. நான் வெட்டிய பழம், பழம் வெட்டிய கத்தி, பழம் வெட்டிய பலகை, பழம் வெட்டிய நாள் என்று எதைச் சொன்னாலும் "வெட்டிய" என்ற வடிவம் மாறுவதில்லை. கத்தி கருவி, பலகை இடம் என்பதைக் கேட்பவர் தாமே புரிந்துகொள்கிறார். ஆங்கிலம் கேட்பவரிடம் அந்த வேலையை விடாது. "தி ஃப்ரூட் தட் ஐ கட்", "தி நைஃப் தட் ஐ கட் தி ஃப்ரூட் வித்", "தி போர்டு தட் ஐ கட் தி ஃப்ரூட் ஆன்", "தி டே வென் ஐ கட் தி ஃப்ரூட்" என்று ஒவ்வொரு முறையும் அந்தப் பெயருக்கு வினையோடு என்ன உறவு என்பதை எழுதுபவரே சொல்லியாக வேண்டும். கீழே வரும் பிழைகளில் பல இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து முளைத்தவை.

பெயருக்கு அடையாக வரும் இந்தத் துணை வாக்கியம்தான் பள்ளியில் நாம் படித்த அட்ஜெக்டிவ் கிளாஸ். அதில் இரண்டு வகை உண்டு. "எந்தப் பையன்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, பலரில் ஒருவரைப் பிரித்துக் காட்டுவது வரையறுக்கும் வகை, இலக்கண நூல்கள் அதை ரெஸ்ட்ரிக்டிவ் என்றும் டிஃபைனிங் என்றும் அழைக்கின்றன. யார் என்பது ஏற்கெனவே தெரிந்த ஒருவரைப் பற்றி மேலும் ஒரு செய்தி சொல்வது மற்றது. இங்கே முக்கியமாகப் பார்க்கப்போவது முதல் வகையை. உங்கள் வாக்கியத்தில் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகச் செல்லலாம்.

## கமா இட்டதும் பொருள் மாறிவிடுகிறது

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "தி எம்ப்ளாயீஸ் ஹூ ஹேவ் கம்ப்ளீட்டட் ஃபைவ் இயர்ஸ் வில் கெட் எ போனஸ்." ஐந்தாண்டு முடித்த ஊழியர்களுக்கு மட்டும் போனஸ். இப்போது இரண்டு கமாக்களைச் சேருங்கள்: "தி எம்ப்ளாயீஸ், ஹூ ஹேவ் கம்ப்ளீட்டட் ஃபைவ் இயர்ஸ், வில் கெட் எ போனஸ்." ஊழியர்கள் எல்லாருக்கும் போனஸ், எல்லாருமே ஐந்தாண்டு முடித்தவர்கள் என்பது கூடுதல் செய்தி. அறிவிப்புப் பலகையில் இந்தக் கமா தவறி விழுந்தால், நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் கணக்குப் பிரிவின் வாசலில் வந்து நிற்கலாம். அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

"பாசஞ்சர்ஸ் ஹூ டிராவல் வித்தவுட் டிக்கெட் வில் பி ஃபைன்ட்" என்றால் டிக்கெட் இல்லாதவர்களுக்கு அபராதம். கமா இட்டால் வண்டியில் இருக்கும் ஒருவரிடமும் டிக்கெட் இல்லை என்றாகிவிடும்.

தமிழில் இந்த வேறுபாட்டைக் காட்ட நமக்குத் தனி அடையாளம் கிடையாது. "மதுரையில் இருக்கும் என் அண்ணன் டாக்டர்" என்ற வாக்கியம் அண்ணன் ஒருவரா, மூவரா என்று சொல்லாது. ஆங்கிலத்தில் "மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை இஸ் எ டாக்டர்" என்று கமா இல்லாமல் எழுதினால், வேறு ஊரில் வேறு சகோதரரும் இருக்கிறார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். "மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் மதுரை, இஸ் எ டாக்டர்" என்றால் எந்தச் சகோதரர் என்ற கேள்வியே இல்லை. பெரும்பாலும் ஒரே சகோதரர். விசா விண்ணப்பத்தோடு இணைக்கும் கடிதத்தில், உடன்பிறந்தோர் பட்டியலில் ஒருவர் பெயரே இருக்க, கடிதம் கமா இல்லாமல் பேசினால் இரண்டும் ஒத்துப்போகாது.

சரிபார்க்கும் வழி ஒன்று உண்டு. துணை வாக்கியத்தைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். "எந்த?" என்ற கேள்வி மனதில் எழுந்தால் அது வரையறுக்கும் வகை, கமா வேண்டாம். கேள்வி எழாவிட்டால் இருபக்கமும் கமா வேண்டும். "மை மதர் ... டீச்சஸ் மேத்ஸ்" என்று மறைத்துப் படித்தால் எந்த அம்மா என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே அம்மாவைப் பற்றிய துணை வாக்கியத்துக்குக் கமா உண்டு. "தி ஸ்டூடண்ட் ... ஹேஸ் லெஃப்ட்" என்றால் கேள்வி உடனே எழுகிறது. கமா இல்லை.

சிறப்புப் பெயர்கள் தம்மளவிலேயே வரையறுக்கப்பட்டவை. சென்னை, காந்தி, காவிரி போன்ற பெயர்களுக்குப் பின் வரும் துணை வாக்கியம் ஏறக்குறைய எப்போதும் கமாவோடுதான் வரும். "சென்னை, விச் வாஸ் கால்ட் மெட்ராஸ் அன்டில் 1996, ..." என்பது சரி. ஆனால் ஒரு விலக்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விலக்கு. "தி மெட்ராஸ் தட் மை கிராண்ட்ஃபாதர் நியூ" என்று எழுதலாம். தாத்தா அறிந்த மெட்ராஸ் வேறு, இன்றைய மெட்ராஸ் வேறு என்று ஒரே நகரத்தைப் பலவாக்கி, அவற்றுள் ஒன்றை அந்தத் துணை வாக்கியம் பிரித்தெடுக்கிறது. பெயருக்கு முன்னால் "தி" வந்துவிட்டதைக் கவனியுங்கள். பிரித்தெடுக்கப்பட்டதற்கான முத்திரை அது.

பேசும்போதும் இதே கணக்குதான். வரையறுக்கும் வகையில் பெயருக்கும் ஹூவுக்கும் நடுவே மூச்சு நிற்காது. மற்ற வகையில் சிறு நிறுத்தம் இருக்கும், குரலும் கொஞ்சம் இறங்கும். வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது கமாவைத் தீர்மானிக்க நல்ல துணை. அடுத்த அறிகுறியில் மட்டும் இந்தத் துணை கைவிட்டுவிடும்.

## வினைக்கு முன்னால் ஒற்றைக் கமா நிற்கிறது

"தி ஸ்டூடண்ட்ஸ் ஹூ கேம் லேட், வேர் சென்ட் பேக்." எழுவாய் நீண்டுவிட்டதால் "லேட்" என்ற இடத்தில் மூச்சு வாங்குகிறோம், மூச்சு வாங்கிய இடத்தில் கையும் கமா இடுகிறது. எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவே ஒற்றைக் கமா ஆங்கிலத்தில் கூடாது. இட்டால் இரண்டு, இல்லாவிட்டால் எதுவும் இல்லை. இங்கே தாமதமாக வந்த மாணவர்களை மட்டும் திருப்பி அனுப்பினார்கள் என்பதே செய்தி. எனவே கமாவை எடுத்துவிடுங்கள்.

## முன்னிடைச் சொல் காணாமல் போகிறது

நீண்ட காலமாக ஆங்கிலத்தில் எழுதிவருபவர்களிடமும் தங்கிவிடுகிற பிழை இது. "திஸ் இஸ் தி ஹவுஸ் ஐ லிவ்." "தி கம்பெனி ஐ ஒர்க் இஸ் இன் கோயம்புத்தூர்." "தி ஆபீசர் ஐ ஸ்போக் வாஸ் ஹெல்ப்ஃபுல்." மூன்றிலும் ஏதோ ஒன்று குறைகிறது, எழுதியவருக்கு அது தெரிவதில்லை. தெரியாததற்குக் காரணம் தமிழ்தான். "வீட்டில் குடியிருக்கிறேன்" என்ற வாக்கியத்தில் "இல்" என்ற வேற்றுமை உருபு இருக்கிறது. அதைப் பெயரெச்சமாக்கி "நான் குடியிருக்கும் வீடு" என்றதும் உருபு மறைந்துவிடுகிறது. அதை எங்கும் வைக்க இடமில்லை, வைக்கவும் தேவையில்லை. ஆங்கிலத்தில் அந்த உருபுக்கு இணையான முன்னிடைச் சொல் (இன், ஃபார், டு போன்ற பிரிப்போசிஷன்) மறையக் கூடாது. "தி ஹவுஸ் ஐ லிவ் இன்." "தி கம்பெனி ஐ ஒர்க் ஃபார்." "தி ஆபீசர் ஐ ஸ்போக் டு."

திருத்துவதற்கு முதலில் துணை வாக்கியத்தைத் தனி வாக்கியமாக விரித்து எழுதுங்கள். "ஐ லிவ் தி ஹவுஸ்" என்று எழுதினால் கண் உடனே உறுத்தும். "ஐ லிவ் இன் தி ஹவுஸ்" என்று கை தானே திருத்திவிடும். அந்த "இன்" திரும்பவும் துணை வாக்கியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கடைசியில் நிற்கலாம்: "தி ஹவுஸ் ஐ லிவ் இன்". முன்னால் வந்து விச்சோடு சேரலாம்: "தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்". முதலாவது பேச்சுக்கும் சாதாரண எழுத்துக்கும் உரியது, இரண்டாவது ஒப்பந்தம், அறிக்கை போன்ற இறுக்கமான எழுத்துக்கு. வாக்கியத்தை முன்னிடைச் சொல்லில் முடிக்கக் கூடாது என்று சிலர் கற்பிக்கிறார்கள். அதை விதியாகக் கொள்ள வேண்டியதில்லை. நல்ல ஆங்கில எழுத்தில் அப்படி முடியும் வாக்கியங்கள் நிறையவே உண்டு.

இரண்டையும் கலந்து "தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ் இன்" என்று எழுதுவதுதான் தவறு. முன்னிடைச் சொல்லுக்கு அடுத்துத் தட் வருவதும் தவறு: "தி ஹவுஸ் இன் தட் ஐ லிவ்" என்பது கிடையாது. மனிதராக இருந்தால் முன்னிடைச் சொல்லுக்குப் பின் ஹூம் கட்டாயம்: "தி ஆபீசர் டு ஹூம் ஐ ஸ்போக்". மற்ற இடங்களில் ஹூம் இன்று அலுவல் எழுத்தின் சொல்லாகிவிட்டது. பேச்சில் ஹூ போதும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. "தி மேட்டர் வி டிஸ்கஸ்ட் அபவுட்" என்று எழுதுகிறோம். "அந்த விஷயத்தைப் பற்றிப் பேசினோம்" என்பதில் உள்ள "பற்றி" உள்ளே நுழைந்துவிடுகிறது. டிஸ்கஸ் என்ற வினைக்கு அபவுட் வேண்டாம். விரித்து எழுதும் முறை இங்கேயும் உதவும், ஆனால் அந்த வினை எந்த முன்னிடைச் சொல்லை ஏற்கும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு அகராதியைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்ளை என்றால் ஃபார், டிபெண்ட் என்றால் ஆன், விசிட் என்றால் ஒன்றுமில்லை. வினையைப் படிக்கும்போதே அதன் முன்னிடைச் சொல்லையும் சேர்த்துப் படிப்பது நல்ல பழக்கம்.

விசிட் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "தி டெம்பிள் வேர் ஐ விசிட்டட்" என்பதைப் பல பயணக் கட்டுரைகளில் காணலாம். இடம் என்றாலே வேர், காலம் என்றாலே வென் என்று மனப்பாடம் செய்ததன் விளைவு. பெயர் இடப்பெயராக இருப்பது போதாது. துணை வாக்கியத்துக்குள் அது "அங்கே" என்ற பொருளில் வர வேண்டும். ஐ விசிட்டட் தி டெம்பிள் என்பதில் கோயில் நேரடிச் செயப்படுபொருள். ஆகவே "தி டெம்பிள் தட் ஐ விசிட்டட்". ஐ பிரேட் தேர் என்று விரிந்தால் "தி டெம்பிள் வேர் ஐ பிரேட்". தமிழில் கோயிலுக்குச் சென்றேன், கோயிலில் கும்பிட்டேன் என்று இரண்டுக்கும் உருபு வருவதால்தான் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை.

## ஒரே பொருளை இருமுறை சொல்கிறோம்

"தி புக் தட் ஐ பாட் இட் லாஸ்ட் வீக் இஸ் மிஸ்ஸிங்." இந்த "இட்" தேவையற்றது. தட் ஏற்கெனவே புத்தகத்தின் இடத்தில் நிற்கிறது. இட் வந்து அதே நாற்காலியில் இரண்டாவது ஆளாக உட்காருகிறது.

இந்தப் பிழைக்குத் தமிழைக் குறை சொல்ல முடியாது. "நான் அதை வாங்கிய புத்தகம்" என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கும் பள்ளிப் பயிற்சியிலிருந்தே இது வருகிறது என்பது என் கருத்து. "திஸ் இஸ் தி புக். ஐ பாட் இட்." என்ற இரண்டையும் இணைக்கும்போது நடுவில் தட்டைப் போட்டுவிட்டு, இட்டை எடுக்க மறந்துவிடுகிறார்கள். இணைப்புச் சொல் உள்ளே வரும்போது பிரதிப் பெயர் வெளியே போக வேண்டும் என்பதைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு இந்தத் தொல்லை இராது.

ஐயம் வந்தால் தமிழையே உரைகல்லாகக் கொள்ளுங்கள். துணை வாக்கியத்தைத் தமிழ்ப் பெயரெச்சமாக மாற்றிப் பாருங்கள். அதில் "அதை", "அவனை", "அங்கே" என்று ஏதாவது மிஞ்சி, காதுக்கு உறுத்தினால் ஆங்கிலத்திலும் அதற்கு இணையான சொல்லை நீக்க வேண்டும். "நான் அங்கே பிறந்த ஊர்" உறுத்துகிறது அல்லவா? அப்படியானால் "தி டவுன் வேர் ஐ வாஸ் பார்ன் தேர்" என்பதில் தேர் போக வேண்டும். வேறு எதையோ சுட்டும் பிரதிப் பெயர் இருக்கலாம். "தி நைஃப் தட் ஐ கட் இட் வித்" என்பதில் இட் பழத்தைச் சுட்டுகிறது, கத்தியை அல்ல. அது சரியான வாக்கியம்தான்.

இன்னொரு வடிவம் பெரிய வாக்கியத்தில் வருகிறது: "தி மேன் ஹூ கேம் யெஸ்டர்டே, ஹி இஸ் மை அங்கிள்." பேச்சில் ஓடிவிடும், எழுத்தில் கமாவும் ஹியும் இரண்டும் போக வேண்டும்.

## ஹூ, தட் எப்போது விடலாம் என்று தெரியவில்லை

"தி மேன் கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்" தவறு. "தி மேன் ஐ மெட் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்" சரி. இரண்டிலும் இணைப்புச் சொல் இல்லை. ஒன்று ஏன் நிற்கிறது, மற்றது ஏன் விழுகிறது?

இணைப்புச் சொல் இருக்க வேண்டிய இடத்துக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். எழுவாய் வந்தால் விடலாம். ஐ மெட், யூ பாட், மை ஃபாதர் பில்ட் என்பவை அப்படிப்பட்டவை. வினை நேராக வந்தால் விடக் கூடாது, ஏனெனில் அங்கே ஹூதான் எழுவாய். அதை எடுத்துவிட்டால் படிப்பவர் "தி மேன் கேம் யெஸ்டர்டே" என்பதையே முழு வாக்கியமாகப் படித்துவிட்டு, அடுத்து வரும் "இஸ்" என்ற சொல்லில் முட்டிக்கொள்வார். "தேர் இஸ் எ ஷாப் செல்ஸ் குட் காஃபி" என்பதும் இதே பிழை. "தட் செல்ஸ்" என்று வர வேண்டும்.

ஹூ, தட் போன்றவற்றையும் அவற்றுக்கடுத்த பி வினையையும் (இஸ், வாஸ் போன்றவை) சேர்த்து எடுத்துவிடும் ஒரு சுருக்கம் உண்டு. "தி பாய் ஹூ இஸ் சிட்டிங் நியர் தி டோர்" என்பது "தி பாய் சிட்டிங் நியர் தி டோர்" ஆகும். "தி லெட்டர் தட் வாஸ் சென்ட் ஆன் மண்டே" என்பது "தி லெட்டர் சென்ட் ஆன் மண்டே" ஆகும். நம் பெயரெச்சத்துக்கு ஆங்கிலம் மிக அருகே வரும் இடம் இது, பெயருக்குப் பின்னால் வருவது ஒன்றுதான் வேறுபாடு. இதைத் தைரியமாகப் பயன்படுத்துங்கள். எழுத்து இறுக்கமாகவும் தெளிவாகவும் ஆகும்.

கமாவோடு வரும் வகையில் இணைப்புச் சொல்லை மட்டும் தனியே விடுவதற்கு இடமில்லை. வரையறுக்கும் வகைக்கு மட்டுமே அந்தச் சலுகை.

## விச்சின் கீழே கணினி கோடு போடுகிறது

"தி ரிப்போர்ட் விச் யூ சென்ட் இஸ் இன்கம்ப்ளீட்" என்று தட்டச்சு செய்தால் சில மென்பொருள்கள் விச்சைச் சுட்டிக்காட்டி, கமா இடு அல்லது தட் போடு என்கின்றன. பிழை என்று அஞ்ச வேண்டாம். 1926-இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு அகராதியில் எச்.டபிள்யூ. ஃபௌலர் ஒரு யோசனை சொன்னார்: வரையறுக்கும் இடத்தில் தட், கூடுதல் செய்திக்கு விச் என்று பிரித்துக்கொண்டால் தெளிவு கூடும் என்றார். நல்ல எழுத்தாளர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் அதை ஏறக்குறைய விதியாகவே ஏற்றுக்கொண்டார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இன்றும் வரையறுக்கும் இடத்தில் இரண்டும் வரும். இந்தியாவின் சட்டங்களும் நாளிதழ்களும் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழியில் செல்பவை.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கோ நிறுவனத்துக்கோ எழுதினால் தட்டைப் போட்டுவிடுங்கள். எவரும் குறை சொல்ல மாட்டார்கள். மற்றபடி உறுதியாக நினைவில் வைக்க வேண்டியது இரண்டுதான். கமாவுக்குப் பின் தட் வராது. மனிதருக்கு விச் வராது. ஹூ வரும், வரையறுக்கும் இடத்தில் தட்டும் வரலாம்.

ஆல், எவ்ரிதிங், நத்திங், தி ஒன்லி, தி பெஸ்ட் போன்றவற்றுக்குப் பின் தட்தான் இயல்பு. "ஆல் வாட் ஹி செட்" என்பது பலர் கையில் பழகிப்போன பிழை. "ஆல் தட் ஹி செட்" என்று சொல்லுங்கள். அல்லது ஆல் இல்லாமல் "வாட் ஹி செட்" என்று சொல்லுங்கள்.

## "யாருடைய" என்பதை எழுதத் தெரியவில்லை

கால் உடைந்த நாற்காலி, மகன் துபாயில் இருக்கும் பெரியவர், பெயர் விடுபட்ட மாணவர். தமிழில் உடைமை உருபு எங்கும் வெளியே தெரிவதில்லை. ஆங்கிலத்தில் "தி மேன் ஹூ ஹிஸ் சன் இஸ் இன் துபாய்" என்று எழுதிவிடுகிறோம். ஹூவும் ஹிஸ்ஸும் சேர்ந்து ஹூஸ் ஆக வேண்டும்: "தி மேன் ஹூஸ் சன் இஸ் இன் துபாய்", "தி ஸ்டூடண்ட் ஹூஸ் நேம் வாஸ் லெஃப்ட் அவுட்". அஃறிணைக்கும் ஹூஸ் வரலாம். நாற்காலியைப் போன்ற இடங்களில் "எ சேர் வித் எ ப்ரோக்கன் லெக்" என்பதே அழகு.

## துணை வாக்கியம் வேறு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது

"தி மேன் இஸ் மை அங்கிள் ஹூ இஸ் ஸ்டாண்டிங் தேர்" என்று எழுதினால் பொருள் எப்படியோ புரிந்துவிடும். "ஷி கேவ் எ டாய் டு தி சைல்ட் தட் வாஸ் மேட் ஆஃப் வுட்" என்றால் குழந்தை மரத்தால் ஆனதாகிவிடும். துணை வாக்கியத்தை அதற்குரிய பெயருக்கு அடுத்தே வையுங்கள்: "ஷி கேவ் தி சைல்ட் எ டாய் தட் வாஸ் மேட் ஆஃப் வுட்".

அருகில் இருக்கும் பெயரோடு ஒட்டும் இந்த இயல்பு ஒருவரின் உதவித்தொகையையே தீர்மானித்திருக்கிறது. லிஃப்ட் இயக்கும் வேலை பார்த்துவந்த அமெரிக்கப் பெண் ஒருவர், அந்தப் பணியிடம் நீக்கப்பட்ட பின் உடற்குறைக்கான உதவித்தொகை கேட்டார். அந்நாட்டுச் சட்டப்படி, ஒருவரால் தம் முந்தைய வேலையையும் செய்ய இயலக் கூடாது, நாட்டின் பொருளாதாரத்தில் இருக்கிற வேறு எந்த வேலையையும் செய்ய இயலக் கூடாது, அப்போதுதான் உதவி. லிஃப்ட் இயக்கும் வேலை நாட்டில் போதிய அளவில் இப்போது இல்லை, ஆகவே அதை என்னால் செய்ய முடியும் என்பது எனக்கு எதிராகக் கூடாது என்பது அவர் வாதம். ஆங்கில மூலத்தில் "முந்தைய வேலை", "வேறு வேலை" என்ற இரண்டு பெயர்களுக்கும் பின்னால், கடைசியில் ஒரு "விச் எக்ஸிஸ்ட்ஸ்" நிற்கிறது. அது இரண்டுக்கும் அடையா, கடைசிப் பெயருக்கு மட்டுமா? 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கடைசிப் பெயருக்கு மட்டுமே என்றது; அவர் தோற்றார். தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா ஓர் உதாரணம் காட்டினார். பிள்ளையை வீட்டில் தனியே விட்டுச் செல்லும் பெற்றோர், பார்ட்டி வைத்தாலோ வீட்டைச் சேதப்படுத்தும் வேறு எதையாவது செய்தாலோ தண்டனை உண்டு என்று சொல்லிப் போகிறார்கள். சேதம் ஆகவில்லையே என்று சொல்லி, பார்ட்டி வைத்த பிள்ளை தப்ப முடியுமா?

தமிழில் அடை முன்னால் வருவதால் "முந்தைய வேலை அல்லது நாட்டில் இருக்கிற வேறு வேலை" என்று எழுதினால் இந்தக் குழப்பம் எழாது. நமக்கு வேறு குழப்பம் உண்டு: "திருச்சியில் இருக்கும் டாக்டரின் மகள்" என்றால் திருச்சியில் இருப்பது யார்? ஆங்கிலத்தில் "தி டாட்டர் ஆஃப் தி டாக்டர் ஹூ லிவ்ஸ் இன் திருச்சி" என்றாலும் இதே ஐயம்தான். "தி டாக்டர்'ஸ் டாட்டர் ஹூ லிவ்ஸ் இன் திருச்சி" என்று மாற்றினால் மகள் திருச்சியில் இருப்பது தெளிவாகும்.

## வினை ஒருமையா, பன்மையா

ஹூ, விச், தட் மூன்றும் தாமாக ஒருமையும் அல்ல, பன்மையும் அல்ல. எந்தப் பெயரைச் சார்ந்தனவோ அதைப் பின்பற்றும். "தி பாய்ஸ் ஹூ பிளே", "தி பாய் ஹூ பிளேஸ்". "ஹி இஸ் ஒன் ஆஃப் தி கிளார்க்ஸ் ஹூ ஹேவ் பாஸ்ட்" என்பதில் தேர்ச்சி பெற்றவர்கள் பலர். அவர்களுள் இவரும் ஒருவர். எனவே ஹேவ். "தி ஒன்லி ஒன் ஆஃப் தி கிளார்க்ஸ் ஹூ ஹேஸ் பாஸ்ட்" என்றால் தேர்ச்சி பெற்றவர் இவர் மட்டுமே. போட்டித் தேர்வுகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி இது.

## "யார் வருகிறாரோ அவர்" ஆங்கிலத்துக்குள் நுழைகிறது

"ஹூ கம்ஸ் ஃபர்ஸ்ட், தட் பெர்சன் வில் கெட் தி பிரைஸ்." "விச் புக் யூ வாண்ட், தட் புக் யூ டேக்." "யார் முதலில் வருகிறாரோ அவருக்கு", "எந்தப் புத்தகம் வேண்டுமோ அந்தப் புத்தகம்" என்ற நம் அமைப்பு அப்படியே இறங்கிவந்துவிட்டது. ஓகாரம் செய்யும் வேலைக்கு ஆங்கிலத்தில் தனிச் சொல் இல்லை. பெயரை முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும்: "தி பெர்சன் ஹூ கம்ஸ் ஃபர்ஸ்ட் வில் கெட் தி பிரைஸ்", "டேக் தி புக் யூ வாண்ட்". யாராக இருந்தாலும் என்ற அழுத்தம் வேண்டுமானால் ஹூஎவர், விச்எவர் இருக்கின்றன.

## எல்லாப் பிழையும் ஒரே வாக்கியத்தில்

விண்ணப்பக் கடிதங்களில் வரும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: "தி போஸ்ட் விச் ஐ ஆம் அப்ளையிங், இட் வாஸ் அட்வர்டைஸ்ட் இன் தி பேப்பர் ஹூ இஸ் பப்ளிஷ்ட் ஃப்ரம் சென்னை ஆன் சண்டே."

முதலில் விரிக்கிறேன்: ஐ ஆம் அப்ளையிங் ஃபார் தி போஸ்ட். ஆகவே ஃபார் உள்ளே வர வேண்டும். "இட்" இரண்டாம் முறை வருகிறது. அதுவும் அதற்கு முன்னுள்ள கமாவும் போகட்டும். நாளிதழ் மனிதர் அல்லர். ஹூ மாற வேண்டும். "ஆன் சண்டே" என்பது விளம்பரம் வந்த நாளா, இதழ் வெளிவரும் நாளா? விளம்பரம் வந்த நாள்தான் என்றால் அதை அட்வர்டைஸ்டுக்குப் பக்கத்தில் நகர்த்த வேண்டும். சென்னையிலிருந்து வெளிவருவது விண்ணப்பத்தில் எதையாவது பிரித்துக் காட்டுகிறதா? இதழின் பெயரைச் சொல்லிவிட்டால் அந்தத் துணை வாக்கியமே தேவையில்லை.

எஞ்சுவது இது: "தி போஸ்ட் ஐ ஆம் அப்ளையிங் ஃபார் வாஸ் அட்வர்டைஸ்ட் ஆன் சண்டே இன் ..." அதன் பின் இதழின் பெயர், முற்றுப்புள்ளி.